மின்கோபுரத்தில் தொங்கிய மூனி விமானம்: இரவில் இறங்கும்போது எங்கே தவறியது?

பனங்காடு:
2022 நவம்பர் 27, தேங்க்ஸ்கிவிங் விடுமுறை முடிந்து எல்லோரும் வீடு திரும்பும் ஞாயிற்றுக்கிழமை. நியூயார்க் மாநிலத்தின் வைட் ப்ளெயின்ஸிலிருந்து கிளம்பிய மூனி எம்20ஜே, ஒற்றை எஞ்சின், நான்கு இருக்கை. மேரிலாந்தில் கெய்தர்ஸ்பர்க் பக்கம் இருக்கும் மாண்ட்காமரி கவுண்டி ஏர்பார்க் என்ற சிறு விமான நிலையத்தில் இறங்க வந்தது. மாலை 5:40 இருக்கும். அந்தக் காலத்தில் அங்கே ஐந்து மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும், போதாததற்கு மூடுபனி. ஓடுபாதைக்கு ஒரு மைலுக்குக் கொஞ்சம் அதிகமான தூரத்தில், தரையிலிருந்து சுமார் 100 அடி உயரத்தில், உயரழுத்த மின்கோபுரத்தில் மோதி அப்படியே சிக்கிக்கொண்டது. விமானியும் ஒரு பயணியும் நள்ளிரவு தாண்டும் வரை உள்ளேயே இருந்தார்கள். இரண்டு பேரும் பிழைத்தார்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளுக்குக் கரண்ட் போனது, மறுநாள் கவுண்டியின் பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறை.

நான் அந்தப் பக்கத்தில் குடியிருப்பவன். நாங்களும் இருட்டில்தான் உட்கார்ந்திருந்தோம். விமானி குறித்த உயரத்துக்குக் கீழே இறங்கிவிட்டார் என்று என்.டி.எஸ்.பி. (அமெரிக்காவில் விபத்துகளை விசாரிக்கும் அரசு அமைப்பு) விசாரணை சொல்கிறது. சரி. ஆனால் விமான நிலையத்துக்கு இவ்வளவு பக்கத்தில் இருக்கும் டவரில் ஒரு சிவப்பு விளக்கு இருந்திருந்தால் ஒதுங்கியிருக்க மாட்டாரா? எல்லாப் பழியையும் ஒரு ஆள் தலையில் போடுவது நியாயமா?

செஸ்னா172:
நியாயம்தான் என்று நினைக்கிறேன், காரணம் சொல்கிறேன். நான் தனியார் விமானி, இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் (வெளியே தெரியாதபோது கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டும் தகுதி) உண்டு. பெரிய அனுபவசாலி இல்லை.

முதலில் விளக்கு. அமெரிக்காவில் தரையிலிருந்து 200 அடிக்கு மேல் போகும் கட்டுமானம் என்றால்தான் பொதுவாக விளக்கு, வண்ணம் எல்லாம். விமான நிலையத்துக்குப் பக்கத்தில் தனிக் கணக்கு உண்டு; ஓடுபாதையிலிருந்து எவ்வளவு தூரம், எவ்வளவு உயரம் என்று ஒரு சரிவு போட்டுப் பார்ப்பார்கள். அந்தச் சரிவுக்குக் கீழே அடங்கும் டவர் விமானத்துக்கு இடைஞ்சல் இல்லை என்று கொள்வார்கள், ஏனென்றால் சரியாக வரும் விமானம் அதற்கு வெகு மேலே போயிருக்கும்.

எவ்வளவு மேலே? வழக்கமான இறங்கு கோணம் 3 டிகிரி. ஒரு நாட்டிகல் மைலுக்கு ஏறக்குறைய 300 அடி இறக்கம். அந்தத் தூரத்தில் ஓடுபாதை மட்டத்தைவிட 300 அடிக்கு மேல் இருந்திருக்க வேண்டும்.

இரண்டாவது, அன்றைக்கு மேகத்தின் அடிப்பகுதி தரையிலிருந்து சுமார் 200 அடி. பார்வைத் தூரம் ஒரு மைல் சொச்சம். அந்தப் பனியில் விளக்கு தெரிந்திருந்தாலும் கடைசி சில நொடிகளில்தான் தெரிந்திருக்கும். மூனி இறங்கும் வேகத்தில் ஒரு நொடிக்கு 130, 140 அடி போகும். கண்ணில் பட்டு, மூளைக்கு எட்டி, கை இழுத்து, விமானம் எழுவதற்குள் வேலை முடிந்திருக்கும்.

பனங்காடு:
அதாவது விளக்கு வேண்டாம் என்கிறீர்கள்.

செஸ்னா172:
வைக்கட்டும், நல்லதுதான். அன்றைக்கு அது காப்பாற்றியிருக்காது என்கிறேன். மேகத்துக்குள் வரும்போது எதையும் பார்த்து ஓட்டுவதில்லை, அப்ரோச் சார்ட்டை, அதாவது இறங்கும் வழியின் வரைபடத்தைப் பார்த்துத்தான் ஓட்டுகிறோம். வரும் வழியில் பெயரிட்ட புள்ளிகள் இருக்கும். இந்தப் புள்ளி வரும் வரை இந்த உயரத்துக்குக் கீழே வராதே என்று ஒவ்வொன்றுக்கும் எண் போட்டிருக்கும். கடைசியில் ஒரு தீர்மான உயரம். அங்கே வந்தும் ஓடுபாதையோ அதன் விளக்குகளோ தெரியவில்லை என்றால் த்ராட்டிலை முழுக்கத் தள்ளி மேலே ஏறிப் போய்விட வேண்டும். மிஸ்டு அப்ரோச் என்பது அதுதான். இவர் வழிநெடுக அந்த எண்களுக்குக் கீழேயே வந்திருக்கிறார். அவசர எண்ணில் பேசியபோது அவரே சொன்னதாகச் செய்திகளில் வந்தது: இருக்க வேண்டியதைவிடக் கீழே வந்துவிட்டேன், விமான நிலையம் இன்னும் பக்கத்தில் இருப்பதாக நினைத்தேன் என்று.

ஓடுபாதை தெரியாதபோது கீழே தேடிப் போவதுதான் கொல்லும். மற்ற எல்லாம் அதற்கு அப்புறம்.

சும்மா படிக்கிறவள்:
ஒரு சின்னச் சந்தேகம். உயரம் காட்டும் கருவி உள்ளேயே இருக்குமே? டவர் உயரத்துக்கு வந்துவிட்டோம் என்று அது காட்டாதா?

செஸ்னா172:
காட்டும், ஆனால் கடல் மட்டத்திலிருந்து. அந்த ஏர்பார்க்கே கடல் மட்டத்துக்கு 539 அடி மேலே இருக்கிறது. ஆல்டிமீட்டரில் 640 என்று பார்த்தால் களைத்துப்போன மூளைக்கு இன்னும் 600 அடி இருக்கிறதே என்று தோன்றலாம். உண்மையில் ஓடுபாதை மட்டத்துக்கு மேல் 100 அடிதான். இவருக்கு அப்படித்தான் ஆயிற்று என்று சொல்லவில்லை, கேட்டதற்காகச் சொல்கிறேன். சிறு விமானங்களில் தரையிலிருந்து நேராக அளக்கும் ரேடார் ஆல்டிமீட்டர் பெரும்பாலும் இருக்காது.

ஓய்வுபெற்ற லைன்மேன்:
விமானம் பற்றி எனக்குத் தெரியாது. டவர் லைன் தெரியும், அதில்தான் முப்பது வருஷம் போயிற்று. ஏழு மணி நேரம் ஏன் தொங்கவிட்டார்கள், ஹெலிகாப்டரில் தூக்கியிருக்கலாமே என்று ஃபேஸ்புக்கில் ஆளாளுக்குக் கேட்டதைப் பார்த்தேன். அதற்கு மட்டும் பதில்.

கரண்ட் கட் ஆகிவிட்டது என்றால் லைன் செத்துவிட்டது என்று அர்த்தம் இல்லை. பிரேக்கர் ட்ரிப் ஆகி ஊரே இருண்டாலும், இரண்டு முனையிலும் லைனைப் பிரிக்கும் ஐசொலேட்டரைத் திறந்து, லைன் கிளியர் என்ற அனுமதி வாங்கி, வேலை நடக்கும் இடத்துக்கு இரு பக்கமும் எர்த் போட்ட (கம்பியைத் தரையோடு இணைத்த) பிறகுதான் அந்தக் கம்பியைத் தொடலாம். பக்கத்தில் இன்னொரு சர்க்யூட் உயிரோடு ஓடினால் செத்த கம்பியிலும் இண்டக்‌ஷன் ஏறும், அதுவே ஆளை அடிக்கப் போதும். தரையிலிருந்து எர்த் ராடை நீட்டி மாட்டும் வேலை இல்லை இது. அந்த உயரத்துக்கு ஆள் போய்க் கம்பியிலேயே கிளாம்ப் போட வேண்டும். அங்கேயும் அப்படித்தான் செய்தார்கள் என்று படித்தேன்.

அதற்குமேல் விமானம் எதில் நிற்கிறது என்பதே தெரியாது. கண்டக்டரிலா, டவரின் குறுக்குச் சட்டத்திலா, எதில் எவ்வளவு பாரம் என்று யாருக்குத் தெரியும்? உள்ளே இருக்கும் ஒருவரை வெளியே இழுத்தால் எடை மாறி மொத்தமும் சரியலாம். அதனால் முதலில் விமானத்தை டவரோடு கட்டிவிட்டுத்தான் ஆளை இறக்கினார்கள். ஹெலிகாப்டரை அந்தப் பனியில் கம்பிகளுக்கு நடுவே கொண்டுவந்தால் அதன் காற்றே தள்ளிவிட்டிருக்கும். விமானத்தில் பெட்ரோல் வேறு.

முதல் ஆளை 12:25க்கு இறக்கினார்கள், இரண்டாமவரை அடுத்த பத்துப் பதினைந்து நிமிஷத்தில். என் கணக்கில் இது தாமதம் இல்லை. நல்ல வேலை.

பனங்காடு:
அண்ணா, இது எனக்குத் தெரியாது. அந்த ராத்திரி நானும் திட்டிக்கொண்டுதான் இருந்தேன்.

ஓய்வுபெற்ற லைன்மேன்:
திட்டுவது சகஜம் தம்பி. எங்களைத் திட்டாத ஊர் எது?

ஆறாம்திணை:
அமெரிக்க அதிபராக இருந்த கென்னடியின் மகன் விழுந்ததும் இதே மாதிரிதானே? இரவு, மூட்டம், சின்ன விமானம். இத்தனை வருஷம் கழித்தும் பாடம் படிக்கவில்லை என்றால் என்ன செய்வது?

செஸ்னா172:
வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுதான். உள்ளே வேறு வேறு.

1999 ஜூலை 16. ஜான் எஃப். கென்னடி ஜூனியர் பைப்பர் சரடோகா விமானத்தில் நியூஜெர்சியிலிருந்து இரவு 8:38க்குக் கிளம்பினார், கூட மனைவியும் மனைவியின் சகோதரியும். மார்த்தாஸ் வின்யார்ட் தீவில் இறங்க வேண்டும். அவருக்கு மொத்தம் சுமார் 310 மணி நேர அனுபவம், இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் இல்லை. சட்டப்படி அது தேவையும் இல்லை, ஏனென்றால் அன்றைய பார்வைத் தூரம் கண்ணால் பார்த்து ஓட்டும் விதிக்குள் அடங்கியது. ஆனால் கடலுக்கு மேலே, புகைமூட்டத்தில், இருட்டில், வானம் எங்கே முடிகிறது கடல் எங்கே தொடங்குகிறது என்று கோடே தெரியாது. காதுக்குள் இருக்கும் அரைவட்டக் குழல்கள் திரும்பலின் தொடக்கத்தை உணரும். ஒரே சீராகத் திரும்பிக்கொண்டே இருந்தால் பத்து இருபது நொடியில் உணர்வு போய்விடும். விமானம் சாய்ந்திருக்கும், உடம்பு நேராக இருப்பதாகச் சொல்லும். அப்போது நேராக்கினால் எதிர்ப்பக்கம் சாய்வதாகத் தோன்றும், அதைத் திருத்தப் போய் மறுபடி பழைய பக்கமே சாய்வோம். கடைசியில் நிமிடத்துக்கு 4,700 அடி வேகத்தில் இறங்கியது ரேடாரில் பதிவாகியிருக்கிறது. திசைமயக்கத்தால் கட்டுப்பாடு இழந்தது என்பதுதான் என்.டி.எஸ்.பி. முடிவு.

கெய்தர்ஸ்பர்க்கில் விமானம் கட்டுப்பாட்டில்தான் இருந்தது. எஞ்சின் ஓடியது, இறக்கை நேராக இருந்தது. நல்ல விமானம், தவறான உயரம், அவ்வளவுதான். கென்னடி விபத்தில் மனிதன் எது மேல் எது கீழ் என்று தெரியாமல் விழுந்தான். இங்கே தெரிந்தே இறங்கினான், எங்கே இருக்கிறோம் என்பதில்தான் பிசகு. முதல் வகைக்கு மருந்து பயிற்சி. இரண்டாவதற்கு மருந்து சார்ட்டில் இருக்கும் எண்ணை மதிப்பது.

ஆறாம்திணை:
இறங்கினார், விழுந்தார் என்று எழுதலாமே, ரெண்டு பேரும் மனிதர்கள்தானே? விளக்கத்துக்கு நன்றி. ஆனால் மூடுபனி என்று தெரிந்தும் அங்கே வர ஏன் விட்டார்கள் என்பதற்குப் பதில் வரவில்லை.

செஸ்னா172:
மன்னிக்கவும், மரியாதைக் குறைவாக எழுதவில்லை, பொதுவாகச் சொன்னேன்.

இந்தக் கேள்விதான் முக்கியம் என்பேன். அமெரிக்க விதியில் ஒரு வித்தியாசம் உண்டு. டிக்கெட் வாங்கிப் பறக்கும் ஏர்லைன்ஸ், வாடகை விமானம் இவற்றுக்கு, இறங்கும் இடத்தின் வானிலை குறைந்தபட்ச அளவுக்குக் கீழே என்று அறிவிப்பு வந்தால் கடைசிக்கட்ட அப்ரோச்சைத் தொடங்கவே அனுமதி இல்லை. சொந்த விமானத்தில் சொந்த வேலையாகப் போகிறவருக்கு அந்தத் தடை இல்லை. போய் எட்டிப் பார்க்கலாம், தெரிந்தால் இறங்கலாம், தெரியாவிட்டால் ஏறிவிட வேண்டும். அங்கே கண்ட்ரோல் டவரும் கிடையாது. பகுதி முழுவதையும் பார்க்கும் கட்டுப்பாட்டாளர் அப்ரோச்சுக்கு அனுமதி தந்து ஓரளவுக்கு வழிநடத்துவார், அதற்குமேல் விமானி கையில்.

பனங்காடு:
இதைத்தான் நானும் கேட்கிறேன்! ஏர்லைன் விமானிக்கு, இரண்டு பேர், ஆயிரக்கணக்கான மணி நேரம், கம்ப்யூட்டர் எல்லாம் வைத்திருப்பவருக்குத் தடை. தனியாக ஓட்டும் ஞாயிற்றுக்கிழமை விமானிக்குத் தடை இல்லை. தலைகீழாக இருக்கிறதே?

அதே ஏர்பார்க்கில் 2014 டிசம்பர் 8 அன்று ஃபீனம் 100 என்ற சிறு ஜெட் இறங்க வரும்போது வீடுகள் மேல் விழுந்தது. விமானத்தில் மூன்று பேர். ஒரு வீட்டுக்குள் இருந்த தாயும் இரண்டு சின்னக் குழந்தைகளும். எல்லோரும் இறந்தார்கள். அது பட்டப்பகல், பனிக்கட்டி சேராமல் தடுக்கும் கருவியைப் போடாமல் வந்தார்கள் என்று விசாரணை சொன்னது, காரணம் வேறு. ஆனால் அந்தத் தெருவில் வாழ்கிறவர்களுக்குக் காரணம் எதுவானால் என்ன? மேலே பறக்கிறவர் எடுக்கும் ரிஸ்க் கீழே தூங்குகிறவர் தலையிலும் இறங்குகிறது.

செஸ்னா172:
இதில் உங்களோடு சண்டைக்கு வரமாட்டேன். தடையை எங்களுக்கும் கொண்டுவரலாம் என்று சொல்லும் விமானிகள் உண்டு. எதிர்ப்பவர்கள் சொல்வது: பல சிறு விமான நிலையங்களில் வானிலை அறிக்கையே இருக்காது, இருந்தாலும் ஐந்து நிமிஷத்தில் மாறும், சட்டம் போட்டால் அறிக்கையை மட்டும் நம்பி முடிவெடுக்கப் பழகிவிடுவார்கள் என்று. எனக்கு அந்த வாதம் பாதிதான் ஒப்பு. சொந்த ஊர், விடுமுறை முடிவு, மறுநாள் வேலை, கார் அந்த ஏர்பார்க்கில்தான் நிற்கிறது: இத்தனையும் சேர்ந்து கீழே இழுக்கும்போது, எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவேன் என்று தரையில் செய்த தீர்மானம் எவ்வளவு தூரம் நிற்கும்?

கூடலூர் மேகம்:
இந்தியாவில் இந்தக் கதையே வேறு. கண்ணால் பார்த்து ஓட்டும் முறையில் சூரியன் மறைந்த பிறகு பறக்கவே பொதுவாக அனுமதி இல்லை. பயிற்சி, உள்ளூர்ப் பறப்பு என்று ஏ.டி.சி. (விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாடு) விலக்குக் கொடுத்தால் உண்டு. அதனால் பொழுதுபோக்குக்கு இரவில் பறப்பவர் இல்லை, விபத்து என்றால் பெரும்பாலும் பயிற்சியிலோ ஆம்புலன்ஸ் விமானத்திலோ வருகிறது.

2023 ஜனவரியில் மத்தியப் பிரதேசத்தின் ரேவாவில் செஸ்னா பயிற்சி விமானம் இரவு பதினொன்றரை மணி வாக்கில் இறங்கும்போது கோயில் கோபுரத்திலும் மின்கம்பியிலும் மோதி விழுந்தது. பயிற்சியாளர் இறந்தார், மாணவர் காயத்தோடு தப்பினார். அன்றும் பனிமூட்டம். 2011 மே 25 இரவு பாட்னாவிலிருந்து நோயாளியை ஏற்றிக்கொண்டு டெல்லிக்கு வந்த பிலாட்டஸ் பி.சி.12, ஃபரிதாபாத்தில் வீடுகள் மேல் விழுந்து உள்ளே இருந்த ஏழு பேரும் தரையில் மூன்று பெண்களும் இறந்தார்கள். மோசமான வானிலை, கட்டுப்பாட்டைக் கையாண்ட விதம், திசைமயக்கம், அல்லது இவை சேர்ந்தது என்றுதான் காரணம் எழுதினார்கள்.

ஆக, சட்டம் போட்டால் எண்ணிக்கை குறையும். போக வேண்டிய கட்டாயம் வரும்போது அதே கதைதான்.

ஆறாம்திணை:
வானம் தெளிவாக இருக்கும் இரவில்? அப்போதும் ஆபத்தா?

செஸ்னா172:
அதுதான் ஏமாற்றும். மேகமே இல்லாத இரவில் ஓடுபாதை விளக்குகள் இருபது மைலிலிருந்தே பளிச்சென்று தெரியும், ஊரே நகைக்கடை மாதிரி இருக்கும். ஆனால் விளக்குகளுக்கும் நமக்கும் நடுவே காடோ ஏரியோ வயலோ இருந்தால் அங்கே ஒன்றுமே தெரியாது, முழுக் கறுப்பு. தரையில் மரம், வேலி, வீடு எதுவும் தெரியாததால் உயரத்தைக் கண்ணால் அளக்க வழியில்லை. நாம் மிக உயரத்தில் இருப்பதாகத் தோன்றும், இறங்குவோம், இன்னும் இறங்குவோம். போயிங் நிறுவனத்தில் கான்ராட் கிராஃப்ட் என்ற ஆய்வாளர் சிமுலேட்டரில் இதைச் சோதித்தார். நீண்ட அனுபவமுள்ள போயிங் விமானிகளே ஆல்டிமீட்டர் இல்லாமல் கண்ணை மட்டும் நம்பி வந்தபோது ஓடுபாதைக்கு முன்பாகவே தரையைத் தொடும் அளவுக்குத் தாழ்ந்து வந்தார்கள்.

இதற்காகத்தான் ஓடுபாதை ஓரத்தில் பாப்பி விளக்கு வைக்கிறார்கள். நான்கு விளக்கு வரிசையாக இருக்கும். இரண்டு வெள்ளை இரண்டு சிவப்பு என்றால் சரியான சரிவு. வெள்ளை கூடினால் உயரம், சிவப்பு கூடினால் தாழ்வு, நான்கும் சிவப்பென்றால் இறக்கத்தை உடனே நிறுத்த வேண்டும். அன்றைக்கு மேகத்துக்குள் இருந்தவருக்கு இதுவும் தெரிந்திருக்காது.

சுவாரசியமான விஷயம் ஒன்று. கண்ட்ரோல் டவர் இல்லாத பல இடங்களில் ஓடுபாதை விளக்கு எரிந்துகொண்டே இருக்காது, விமானிதான் போட வேண்டும். ரேடியோ மைக்கின் பொத்தானை ஐந்து நொடிக்குள் ஏழு தடவை அமுக்கினால் முழு வெளிச்சம், ஐந்து என்றால் நடுத்தரம், மூன்று என்றால் மங்கல். பதினைந்து நிமிஷம் எரிந்து தானே அணையும். முதல் தடவை கும்மிருட்டில் நான் அமுக்கி, ஒரு ஓடுபாதை திடீரென்று முளைத்ததைப் பார்த்தபோது சிரிப்பே வந்துவிட்டது.

ஓய்வுபெற்ற லைன்மேன்:
கம்பியில் ஆரஞ்சுப் பந்து மாட்டுவோமே, அதைப் பற்றி யாரும் பேசவில்லை. அது பகலுக்கு மட்டும். இரவில் தெரிய வேண்டுமென்றால் கம்பியின் மின்புலத்திலேயே எரியும் விளக்கு வகை இருக்கிறது, செலவு அதிகம், எல்லா லைனுக்கும் போடமாட்டார்கள். பனங்காடு தம்பி கேட்டது முழுக்கத் தப்பான கேள்வி இல்லை.

பனங்காடு:
ஒரு ஓட்டாவது கிடைத்ததே!

சும்மா படிக்கிறவள்:
இவ்வளவு நேரம் படித்துக்கொண்டிருந்ததற்குக் காரணம் இருக்கிறது. டெக்சாஸில் கூட வேலை செய்யும் ஒருவர் சொந்தமாகச் சின்ன விமானம் வைத்திருக்கிறார். ராத்திரி நகரத்து விளக்குகளைக் காட்டுகிறேன், குடும்பத்தோடு வாருங்கள் என்று கூப்பிடுகிறார். நல்ல மனிதர். அவரிடம் என்ன கேட்க வேண்டும்?

செஸ்னா172:
அதிகம் இல்லை. பயணிகளை இரவில் ஏற்ற வேண்டுமானால் கடந்த 90 நாளுக்குள் இரவில் மூன்று தடவை கிளம்பி மூன்று தடவை இறங்கியிருக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் முழுக்க நிறுத்தியிருக்க வேண்டும், சக்கரம் தொட்டவுடன் மறுபடி எழும்புவது கணக்கில் வராது. இரவு என்பது சூரியன் மறைந்து ஒரு மணி நேரம் கழித்துத் தொடங்கும். அதனால் அந்தி நேரத்தில் இறங்கியதையும் சேர்த்துக்கொள்ள முடியாது. இதைக் கேளுங்கள், நல்ல விமானி கோபித்துக்கொள்ளமாட்டார், பறந்த கணக்கை எழுதி வைக்கும் லாக்புக்கையே காட்டுவார்.

அப்புறம், வானிலை கெட்டால் எங்கே போவீர்கள் என்று கேளுங்கள். உடனே ஒரு ஊர்ப் பெயர் வர வேண்டும். "அதெல்லாம் ஒன்றும் ஆகாது" என்று பதில் வந்தால் வேறு வேலை இருக்கிறது என்று சொல்லிவிடுங்கள். ஒற்றை எஞ்சின் இரவில் நின்றுபோனால் என்ன செய்வது என்பதற்கு இங்கே விமானிகள் நடுவே ஒரு பழைய கேலி உண்டு: தரைக்குப் பக்கத்தில் வந்ததும் லேண்டிங் விளக்கைப் போடு, கீழே தெரிவது பிடிக்கவில்லை என்றால் அணைத்துவிடு. அந்தக் கேலிக்குச் சிரிக்கிறவராகவும் இருக்க வேண்டும், அதனால்தான் நெடுஞ்சாலை ஓரமாகவும் ஏர்போர்ட்டுக்கு ஏர்போர்ட்டாகவும் வழி போடுகிறேன் என்று சொல்கிறவராகவும் இருக்க வேண்டும்.

கூடலூர் மேகம்:
இதையெல்லாம் அவரிடம் அப்படியே கேட்டுப் பாருங்கள் அக்கா.

சும்மா படிக்கிறவள்:
கேட்டேன். லாக்புக்கைத் திறந்து பார்த்துவிட்டு அவரே சிரித்தார், கடைசியாக இருட்டில் இறங்கியது போன குளிர்காலத்தில். அடுத்த சனிக்கிழமை காலையில் போகலாம் என்று முடிவாகியிருக்கிறது. பிள்ளைகளுக்கு விளக்கு பார்க்க முடியாத வருத்தம்.

செஸ்னா172:
காலையில் காற்றும் அடங்கியிருக்கும், பிள்ளைகளுக்கு வாந்தி வராது. சின்ன ஏர்போர்ட்டுகள் சிலவற்றில் ஓடுபாதையை ஒட்டியே காலை உணவுக் கடை இருக்கும். அப்படி ஒன்றாகப் பார்த்துப் போகச் சொல்லுங்கள், பணத்தை நீங்கள் கொடுத்துவிடுங்கள்.